ரெண்டு பக்கமும் கருப்பு

"டிவி ரிப்பேராடா?" என்றார் பெரியப்பா.

கூடத்தில் இருப்பது 43 அங்குல டிவி. பழைய லேப்டாப்பிலிருந்து ஒரு வயரை இழுத்து அதில் சொருகியிருந்தேன். படம் நடுவில் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது, இரண்டு ஓரத்திலும் கருப்புப் பட்டை.

"இல்ல பெரியப்பா, படமே அப்படித்தான்."

"அப்படித்தான்னா? காசு குடுத்து வாங்குன டிவில கால்வாசியைச் சும்மாப் போட்டு வைக்கிறதா?"

கணக்கில் அவர் எப்போதும் புலி. அகலம் 4க்கு உயரம் 3 என்ற 4:3 சட்டகத்தில் எடுத்த படத்தை இப்போதைய 16:9 அகலத் திரையில் போட்டால் சரியாகக் கால்வாசித் திரை சும்மாதான் கிடக்கும். அந்தக் கால்வாசிக்காக உலகம் முழுக்க டிவி ரசிகர்கள் பத்து வருடத்துக்கும் மேலாக அடித்துக்கொள்கிறார்கள் என்று அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் "வேலையத்தவனுங்க" என்பார். இங்கே எழுதுகிறேன், அவர் இதைப் படிக்கப்போவதில்லை.

ஓடிக்கொண்டிருந்தது 'தி வயர்'. அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்துப் போலீஸ், போதைப்பொருள் விற்கும் தெருப்பையன்கள், துறைமுகத் தொழிலாளிகள், நகராட்சி அரசியல், பள்ளிக்கூடம், கடைசியாகப் பத்திரிகை ஆபீஸ் என்று சீசனுக்கு ஒரு பக்கமாக ஊரைப் பிரித்துக் காட்டிய தொடர். 2002 ஜூன் 2 அன்று எச்பிஓ சேனலில் தொடங்கி 2008 மார்ச்சில் முடிந்தது. ஐந்து சீசன், 60 எபிசோட். உருவாக்கியவர் டேவிட் சைமன், பால்டிமோர் சன் நாளிதழில் கிரைம் நிருபராக இருந்தவர். கூடவே எழுதிய எட் பர்ன்ஸ் அதே ஊரில் கொலை வழக்குகளை விசாரித்த துப்பறிவாளர், பிறகு பள்ளி ஆசிரியர். அவர்கள் காட்டும் போலீஸ் ஸ்டேஷனில் காகிதம் தீர்ந்துபோகும், மேலதிகாரி கத்துவார், ஓவர்டைம் கேட்டால் கிடைக்காது. ஒளிபரப்பான காலத்தில் பெரிய கூட்டம் பார்க்கவில்லை. டிவி தொடர்களுக்குக் கொடுக்கும் எம்மி விருது ஒன்றுகூட வாங்கவில்லை.

இதன் நிஜமான ரிலீஸ் டிவிடியில்தான் நடந்தது என்பது என் கட்சி. வாரத்துக்கு ஒன்றாகப் பார்த்தால் யார் யாருக்குக் கீழே வேலை செய்கிறார், யாருடைய பேஜர் எந்தப் பொதுத் தொலைபேசிக்கு அடித்தது என்பதெல்லாம் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் மறந்துபோகும். பெட்டியாக வாங்கி ராத்திரிக்கு மூன்று எபிசோட் பார்த்தவர்கள்தான் அதன் முழு உருவத்தைப் பார்த்தார்கள், பார்த்துவிட்டு ஊரெல்லாம் சொன்னார்கள். பிரிட்டனில் பெரிய சேனலான பிபிசி 2 இதை ஒளிபரப்பியதே 2009இல், அமெரிக்காவில் முடிந்து ஒரு வருடம் கழித்து. அதற்கு முன்பே அங்கே பலர் டிவிடி பெட்டியில் பார்த்து முடித்திருந்தார்கள்.

எனக்கு வந்ததும் பெட்டியாகத்தான். 2009இல் நியூஜெர்சியிலிருந்து வந்த சித்தப்பா மகன், "அண்ணே, இதை மட்டும் பாருங்க, மத்ததெல்லாம் அப்புறம் பேசுவோம்" என்று முதல் சீசனைக் கையில் கொடுத்தான். வீட்டு டிவிடி பிளேயரில் போட்டால் ஓடவில்லை. அமெரிக்கத் தட்டு ரீஜன் 1, இந்தியா ரீஜன் 5. லேப்டாப்பில் போட்டதும், ரீஜனை மாற்றவா என்று கேட்டது, கீழேயே இன்னும் எத்தனை தடவை மாற்றலாம் என்ற எண்ணிக்கையும் இருந்தது. மொத்தம் ஐந்து தடவைதான் மாற்ற முடியும், அதற்குப் பிறகு டிரைவ் கடைசியாக வைத்த ரீஜனிலேயே பூட்டிக்கொள்ளும். காசு கொடுத்து வாங்கிய தட்டை நாடு பார்த்து ஓடவிடும் இந்த ஏற்பாட்டை யோசித்தவர்களுக்கு என்ன பாவம் சேரும் என்று தெரியவில்லை. மாற்றினேன். நடுவில் ஏதோ பாட்டு டிவிடிக்காகத் திரும்ப ஐந்துக்கு மாற்றினேன். பிறகு மறுபடி ஒன்றுக்கு. இப்படியே போய்விட்டது.

சட்டகத்துக்கு வருகிறேன், சண்டை அங்கேதான்.

2002இல் பெரும்பாலான அமெரிக்க வீடுகளில் இருந்தது சதுரத்துக்குப் பக்கத்தில் வரும் 4:3 பெட்டி டிவி. தொடரை 35 எம்எம் ஃபிலிமில் எடுத்தாலும், அந்தப் பெட்டிக்குப் பொருந்தவே ஷாட் வைத்தார்கள். தொடர் ஓடும்போதே அகலத் திரை பரவிவிட்டது. எச்பிஓவின் மற்ற தொடர்கள் அகலத்துக்குப் போயின. இவர்கள் போகவில்லை. முதல் எபிசோடும் கடைசி எபிசோடும் ஒரே சட்டகத்தில் இருக்கட்டும் என்று நின்றுவிட்டார்கள். தொடரின் தோற்றத்தை வகுத்தவர் தயாரிப்பாளர் பாப் கோல்ஸ்பெரி, சினிமாவிலிருந்து வந்தவர். கேமரா எல்லாம் தெரிந்ததுபோல நடந்துகொள்ளாது. யாரோ பேசத் தொடங்கியபிறகுதான் அந்தப் பக்கம் திரும்பும், பக்கத்து மேசையில் உட்கார்ந்து ஒட்டுக்கேட்கிறவன் திரும்புவதுபோல. குளோசப்பைச் சுலபத்தில் கொடுக்காது. மூன்று பேர் நின்றால் மூன்று பேரையும் அந்தச் சின்னப் பெட்டிக்குள்ளேயே நெருக்கி நிறுத்தும்.

டைட்டிலிலேயே ஒரு துண்டு வரும். பையன் ஒருவன் கண்காணிப்பு கேமராவைப் பார்த்துக் கல்லை எறிவான், கண்ணாடி விரிசல் விடும். அந்த விரிசல் நம் டிவி கண்ணாடியிலேயே விழுந்த மாதிரி இருக்கும். பழைய டிவியில் அதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தக் கண்காணிப்பு கேமராவின் பெட்டியும் நம் வீட்டுப் பெட்டியும் அப்போது ஒரே வடிவம்.

2014இல் எச்பிஓ முழுத் தொடரையும் எச்டியில், 16:9இல் புதுப்பிக்கிறோம் என்றது. எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட நெகடிவ் ரீல்களைத் துழாவி, தூசி எடுத்து, நிறம் திருத்தினார்கள். முதலில் சைமனைக் கேட்காமலேயே வேலை நடந்தது, அவர் குரல் கொடுத்தபிறகு வெளியீட்டைத் தள்ளிவைத்து அவரையும் உட்காரவைத்தார்கள். அந்த டிசம்பர் 26இல் தொடர் ஓட்டமாக ஒளிபரப்பானது. 2015 ஜூன் 2இல் டிவிடியைவிடத் தெளிவான புளூரே தட்டு வந்தது, முதல் எபிசோடுக்குச் சரியாகப் பதின்மூன்றாம் பிறந்தநாள்.

இதில் கோல்ஸ்பெரியை யாரும் கேட்க முடியாது. அவர் 2004 பிப்ரவரியிலேயே இறந்துவிட்டார். இந்தப் புதுப்பிப்பைப் பற்றி சைமன் எழுதிய நீண்ட குறிப்பில் கோல்ஸ்பெரி எப்படி யோசித்தார் என்பது நிறையவே வரும். சில காட்சிகள் அகலத்தில் தோற்கின்றன, சில ஜெயிக்கின்றன என்று நேர்மையாகவே சொல்லியிருந்தார். ஜெயித்ததற்கு உதாரணமாக இரண்டாம் சீசனிலிருந்து ஒரு காட்சியைக் காட்டினார்: துறைமுகத் தொழிற்சங்கத் தலைவரின் உடலைத் தண்ணீரிலிருந்து எடுத்துப் போட்டிருக்கிறார்கள், தொழிலாளிகள் சூழ்ந்து நிற்கிறார்கள். பழைய சட்டகத்தில் அந்தக் கூட்டம் நெருக்கியடித்து நிற்கும், அகலத்தில் சுற்றிலும் வெட்டவெளி தெரிந்து, ஆதரவில்லாத மனிதர்களாகத் தெரிவார்கள். இந்த எபிசோடை இயக்கியவரே கோல்ஸ்பெரிதான். அவர் எடுத்ததைக்கொண்டே அவர் முடிவுக்கு எதிராகச் சாட்சி சொல்ல வைத்திருக்கிறார் நண்பர் சைமன்.

ரசிகர்கள் இரண்டு கட்சியானார்கள். ஒரு கட்சி, எடுத்தவன் எப்படி எடுத்தானோ அப்படியே கொடு என்றது. இன்னொரு கட்சி, நெகடிவில் ஏற்கனவே இருந்ததைத்தானே காட்டுகிறார்கள், கூடக் கிடைத்ததற்கு எதற்கு அழுகிறாய் என்றது. இரண்டாவது கட்சியின் வாதம் கேட்க ஞாயமாக இருக்கும். ஆனால் ஓரத்தில் விடப்பட்டதெல்லாம் 'கூட' இல்லை. அங்கே நின்ற ஆட்களையும் சாமான்களையும் கம்ப்யூட்டரில் அழிக்க வேண்டியிருந்தது. சில இடங்களில் ஓரத்தை அழிக்க முடியாமல் மேலும் கீழும் வெட்டிப் பெரிதாக்கினார்கள், அங்கே அகலத்துக்கு விலையாக உயரம் போனது. இந்த வெட்டுக்கு வேறு உதாரணம் வேண்டுமென்றால், 'சைன்ஃபெல்ட்' நகைச்சுவைத் தொடரில் ரோட்டுப் பள்ளம் ஒன்றைப் பற்றியே ஒரு எபிசோட் இருக்கிறது. 2021இல் அகலத் திரையாக ஸ்ட்ரீமிங்குக்கு வந்தபோது கீழ்ப்பகுதியை வெட்டியதில் பள்ளமே காணாமல் போயிருந்தது. அவர்கள் வெறும் ரோட்டைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

நாம் இதில் கேலி பேச முடியாது. நம் ஊரில் கருப்பு வெள்ளைப் படங்களை இழுத்து நிரப்பி, சிவாஜிக்குக் கன்னம் உப்பி, பத்மினிக்கு இடுப்பு பெருத்து, இருபது வருடமாகப் பார்த்துப் பழகியவர்கள் நாம். எங்கள் வீட்டு ரிமோட்டில் அந்த இழுக்கிற பட்டன் எங்கே இருக்கிறது என்று பெரியப்பாவுக்கு இருட்டில்கூடத் தெரியும். அன்றைக்கும் கை அதற்குத்தான் போனது. பிடுங்கி வைத்தேன்.

என் கட்சி பழைய சட்டகம். முதல் சீசனில் விசாரணைக் குழுவை ஒரு பேஸ்மென்ட்டில் தள்ளியிருப்பார்கள். அந்த அறையின் புழுக்கம் சின்னப் பெட்டியில்தான் எனக்கு மூச்சில் ஏறியது. நடைபாதைகளும், ஒட்டி ஒட்டி நிற்கும் வரிசை வீடுகளும், குடியிருப்பு முற்றத்தில் கிடக்கும் அந்த ஆரஞ்சு சோபாவும் உயரமும் நெருக்கமுமாக வருபவை. அகலத்தில் அவற்றுக்குக் காற்றோட்டம் வந்துவிடுகிறது, வரக்கூடாத காற்றோட்டம். ஆனால் தெளிவு என்று வந்தால் டிவிடிக்காக வாதாட வாய் வராது. பெரிய டிவியில் டிவிடியின் 480 வரிப் படம் கஞ்சித்தண்ணி மாதிரிதான் இருக்கிறது. ராத்திரித் தெருக்காட்சிகளில் டிவிடியில் வெறும் பழுப்புக் கறையாக இருந்த முகங்கள் புளூரேயில் ஆட்களாக இருந்தார்கள். போர்டில் குத்திய புகைப்படங்களை நான் முதன்முதலாகப் பார்த்ததே அதில்தான்.

என் கோபம் வேறு. சரியான சட்டகம் வேண்டுமென்றால் மங்கலான டிவிடியை எடு, தெளிவு வேண்டுமென்றால் மாற்றிய சட்டகத்தை எடு. தெளிவான நெகடிவிலிருந்து பழைய சட்டகத்திலேயே ஒரு பிரதி போட்டிருக்க முடியாதா? 20 தட்டு போடத் தெரிந்தவர்களுக்கு அது ஒரு காரியமா? இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்திருந்தால் இந்தச் சண்டையே இல்லை. புளூரேயில் இருப்பது அகலம் மட்டும், ஸ்ட்ரீமிங்கிலும் அதே. இன்றைக்குப் புதிதாகப் பார்க்கிற பையனுக்கு இப்படி ஒரு பழைய சட்டகம் இருந்தது என்றே தெரியாது.

இதே வாரத்தில் 'தி ஷீல்ட்' பற்றியும் எழுத நினைத்தேன். சூப்பர் 16 ஃபிலிமில் எடுத்த லாஸ் ஏஞ்சலிஸ் போலீஸ் தொடர், 2018இல் புளூரே, அங்கேயும் அகலமாக்கினார்கள். அதில் கேமராவே ஓயாமல் ஆடிக்கொண்டிருப்பதால் எனக்கு அவ்வளவு உறுத்தவில்லை. விட்டுவிடுகிறேன். ஆனால் 'ஹோமிசைட்: லைஃப் ஆன் தி ஸ்ட்ரீட்' பற்றிச் சொல்லாமல் போக முடியாது, 'வயர்' பிறந்த வீடு அது. பால்டிமோர் கொலைப் பிரிவோடு ஒரு வருடம் சுற்றி சைமன் 1991இல் எழுதிய புத்தகத்திலிருந்து வந்த தொடர். என்பிசி சேனலில் 1993 முதல் 1999 வரை ஏழு சீசன், 122 எபிசோட். துறைமுகத்தை ஒட்டிய ஃபெல்ஸ் பாயிண்ட்டில் பழைய நகராட்சிப் படகுத்துறைக் கட்டிடத்தைத்தான் போலீஸ் ஆபீஸாகக் காட்டினார்கள். அது இப்போது சொகுசு ஹோட்டல். தீராத வழக்குகளைச் சிவப்பிலும் தீர்ந்ததைக் கருப்பிலும் எழுதிய அந்த வெள்ளைப் பலகை இருந்த கட்டிடத்தில் ராத்திரிக்கு அறை எடுத்துத் தூங்கலாம்.

அதன் ரசிகர்களுக்குச் சட்டகச் சண்டை மட்டும் போதவில்லை. முதலாவது, வரிசை. சேனல்காரர்கள் எபிசோடுகளைத் தங்கள் இஷ்டத்துக்கு முன்பின்னாகப் போட்டார்கள். முதல் சீசனில், ஏசி கெட்டுப்போன ஒரு புழுக்க ராத்திரி முழுக்க ஆபீஸிலேயே நடக்கும் எபிசோட் ஒன்று. மூன்றாவதாக வரவேண்டியது, ஒன்பதாவதாக, கடைசியில் வந்தது. எந்த வரிசையில் பார்ப்பது என்று ஆளுக்கொரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். இரண்டாவது, 'லா அண்ட் ஆர்டர்' தொடரோடு சேர்ந்து எடுத்த கதைகள். முதல் பாதி அந்தத் தொடரில், மறுபாதி இதில். அவற்றையும் சேர்த்துப் போட்ட 35 தட்டு முழுப்பெட்டியை வைத்திருப்பவர்கள் அதைப் பத்திரம் மாதிரி பாதுகாக்கிறார்கள்.

மூன்றாவது பாட்டு. இந்தத் தொடர் காட்சிகளின் மேல் நிஜப் பாடல்களைத் தாராளமாகப் போட்டது. பாட்டுக்கு உரிமை வாங்கும்போது எந்த ஊடகத்துக்கு, எத்தனை காலத்துக்கு என்று தனித்தனியாக எழுதுவார்கள். 1993இல் ஸ்ட்ரீமிங் என்ற வார்த்தையை ஒப்பந்தத்தில் எழுத யாருக்குத் தோன்றும்? அதனால் வருடக்கணக்காக எந்தத் தளத்திலும் வரவில்லை. 2024 ஆகஸ்டில்தான் பீகாக் என்ற ஸ்ட்ரீமிங் தளத்தில் வந்தது. வந்ததும் மகிழ்ச்சி ஒரு நாள்கூட நிற்கவில்லை, சில பாட்டுகள் மாறியிருக்கின்றன, படமும் அகலமாகிவிட்டது. பழைய டிவிடி வைத்திருந்தவர்கள் எழுதியதைப் படித்தால், ஊர்த் திருவிழாவில் தங்கள் தெரு வழியாகச் சாமி வராமல் போன கோபம் தெரியும். எனக்கு அது மிகையாகப் படவில்லை. ஒரு கைதி ஒப்புக்கொண்டு அழும்போது பின்னால் ஒலித்த பாட்டு முப்பது வருடமாக மனசில் ஒட்டியிருந்தால், வேறு பாட்டு கேட்கும்போது யாரோ வீடு மாறி உட்கார்ந்த மாதிரிதான் இருக்கும்.

சப்டைட்டில் ஒரு தனிக் கதை. 'வயர்' தட்டில் அதைப் போட்டுப் பார்த்தால் தோல்வி என்று நினைக்கிற அமெரிக்கர்கள் உண்டு, ரகசியமாகப் போட்டுக்கொண்டவர்களும் நிறைய. சராசரி வாசகன் நாசமாய்ப் போகட்டும் என்று சொன்னவர் சைமன், அந்த உலகத்துக்குள்ளே இருக்கிறவனுக்குப் புரிந்தால் போதும் என்பது அவர் கட்சி. 'ரீ-அப்' என்றால் தீர்ந்த சரக்கை மறுபடி நிரப்புவது, 'பர்னர்' என்றால் பேசிவிட்டுத் தூக்கிப் போடும் செல்போன். யாரும் விளக்க மாட்டார்கள். நாலாவது சீசன் தொடக்கத்தில் ஸ்னூப் என்ற பெண் கடையில் ஆணியடிக்கும் மெஷின் வாங்குவாள். எழுத்து இல்லாமல் அவள் பேச்சில் எனக்கு முதல் தடவை பத்துக்கு மூன்று வார்த்தை பிடிபட்டிருக்கும். தென்காசிக்காரன் முதன்முதலாக வியாசர்பாடியில் ஆட்டோவுக்குப் பேரம் பேசுவதுபோல.

பெரியப்பாவுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. இங்கிலீஷ் எழுத்தை அந்த வேகத்தில் படிக்க அவருக்கு முடியாது, படிக்கவும் முயலவில்லை. எஸ்எஸ்ஐயாக ரிட்டயர் ஆனவர், சர்வீஸில் பெரும்பகுதி ஸ்டேஷன் ரைட்டர். பட்டை பற்றிய முணுமுணுப்பு இரண்டு எபிசோடில் நின்றது. நாலாவது எபிசோட் தொடக்கத்தில் ஒரு மேசை வாசலில் சிக்கிக்கொள்ளும். இந்தப் பக்கமும் ஆள், அந்தப் பக்கமும் ஆள், வியர்க்க வியர்க்கத் தள்ளுவார்கள். ஒரு பக்கத்தார் உள்ளே கொண்டுபோகிறார்கள், மறுபக்கத்தார் வெளியே கொண்டுபோவதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பெரியப்பா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "எங்க ஸ்டேஷன்ல பீரோடா. அப்புறம் கதவையே கழட்டுனோம்."

மூன்றாம் சீசனில் மேலதிகாரிகள் மேடை போட்டு, ஒவ்வொரு சரகத்துக் குற்றக் கணக்கையும் கேட்டு அதிகாரிகளை நிற்கவைத்துக் கிழிப்பார்கள். நம்பரைக் குறை, எப்படி என்று கேட்காதே. நான் மொழிபெயர்க்க வாயைத் திறந்தேன். கையைக் காட்டி நிறுத்தினார். "கிரைம் மீட்டிங். தெரியுது."

அவரை நடுவராக வைத்துத் துறைமுகக் காட்சியை இரண்டு விதமாகவும் போட்டுக் காட்டினேன், போனில் அகலமானது, டிவியில் பழையது. சைமன் சொன்னதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை. இரண்டு தடவை பார்த்தார்.

"போன்ல இருக்கிறதுல கூட்டம் பாடிய விட்டுத் தள்ளி நிக்கிற மாதிரி இருக்கு. இதுல பக்கத்துல நிக்குது."

"எது நல்லாருக்கு?"

"முதல்ல கூட்டத்தை விலக்கணும். அதைச் செய்யாம என்னத்த விசாரணை?"

தீர்ப்பு அவ்வளவுதான்.

டிரைவ் இப்போது ரீஜன் 1இல் பூட்டிக்கொண்டது. ஐந்து தடவையும் தீர்ந்தது. அந்த லேப்டாப்பில் வேறு எதுவும் ஒழுங்காக ஓடாது, பேட்டரி செத்துப் பல வருடம், விசிறி இரைச்சலுக்கு மேல் வசனம் கேட்க டிவி சத்தத்தை 40க்கு ஏற்ற வேண்டும். இந்த ஒரு தொடருக்காக அதைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்திருக்கிறேன்.

போன வாரம் மூன்றாம் சீசனின் மூன்றாவது எபிசோட். ரே கோல் என்ற துப்பறிவாளர் இறந்துவிட்டார். போலீஸ்காரர்கள் வழக்கமாகக் குடிக்கும் பாரில் உடலைக் கிடத்திச் சுற்றி நின்று பேசிப் பாடி வழியனுப்புகிறார்கள். தொடரில் அவ்வப்போது தலைகாட்டிய அந்த ரே கோலாக நடித்தவர் கோல்ஸ்பெரி. அவர் நிஜமாகவே இறந்ததால் எழுதப்பட்ட காட்சி. இரங்கல் பேசும் சார்ஜென்ட், கோல்ஸ்பெரி தயாரித்த பழைய சினிமாக்களை ரே கோல் பார்த்த பழைய வழக்குகள் மாதிரிச் சொல்வார். இதையெல்லாம் பெரியப்பாவுக்குச் சொன்னேன். அசையாமல் பார்த்தார். பாட்டு முடிந்து, கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்துக்கொண்டே கேட்டார்:

"இவர்தான் அந்தக் கருப்புப் பட்டைக்காரரா?"

"ஆமா பெரியப்பா."

"சரி. அடுத்ததப் போடு."